எதிராளிக்கு ஒரு காரணம்

1950இல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சின்னக் குறும்பு ஒளிந்திருக்கிறது. மறைவில் இருப்பது மனிதனா யந்திரமா என்று கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர் 34957ஐயும் 70764ஐயும் கூட்டச் சொல்கிறார். எதிர்த்தரப்பு சுமார் 30 விநாடி மௌனமாக இருந்துவிட்டு 105621 என்கிறது. சரியான விடை 105721. கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடிய பிழைதான். ஆனால் கேட்பவரைக் குழப்புவதற்காக யந்திரம் வேண்டுமென்றே கணக்கில் தவறு செய்யலாம் என்று அதே கட்டுரையில் டூரிங்கே எழுதியிருப்பதால், பழியை அச்சுக்கூடத்தின் தலையில் கட்ட முடியவில்லை. ஆக, மனிதனாகத் தெரிய ஆசைப்படும் யந்திரத்துக்கு அன்றே இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தாயிற்று: கொஞ்சம் தாமதம், கொஞ்சம் தவறு. வியூக விளையாட்டுகளுக்குக் கணினி எதிராளியை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் எடுப்பது இந்த இரண்டு புட்டிகளைத்தான். படையை நகர்த்துமுன் ஒரு செயற்கையான தயக்கம். எளிய நிலைகளில், சிறந்த நகர்வை விட்டுவிட்டு இரண்டாவதோ மூன்றாவதோ.

இந்த மருந்து நோயைத் தொடுவதே இல்லை என்பது என் கட்சி. கணினி எதிராளி செயற்கையாகத் தெரிவதற்கு அதன் திறமை கூடியிருப்பதோ குறைந்திருப்பதோ காரணமல்ல. திண்ணையில் சதுரங்கம் ஆடும் அரைகுறை ஆட்டக்காரரும் இயல்பானவர்தான், கிராண்ட்மாஸ்டரும் இயல்பானவர்தான். இருவரின் நகர்வுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு எண்ணம் இருந்தது என்பதைப் பிற்பாடாவது ஊகிக்க முடிகிறது. எண்ணம் தவறாக இருக்கலாம், பேராசையாகவோ பயமாகவோ இருக்கலாம். நடக்கும் கணத்தில் திடுக்கிட வைக்கலாம். ஆனால் இரண்டு முறை கழித்துத் திரும்பிப் பார்க்கையில், ‘அட, இதற்காகத்தான் அந்தக் குதிரைப்படையை ஆற்றங்கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தானா’ என்று சொல்ல வாய்க்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்யும் தவறில் இது கிடைக்காது. அந்தத் தவறுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. சிறு குழுக்கள் இதுவரை கண்டடைந்த சில வழிகளை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். அவை ஜெயித்த இடமும் சறுக்கிய இடமும் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன.

சிறு குழுவின் நெருக்கடி என்னவென்று முதலில் பார்ப்போம். மூன்று பேரோ ஐந்து பேரோ செய்யும் விளையாட்டில் எதிராளியின் மூளையை எழுத ஒருவர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அவரும் பாதி நேரம் வேறு வேலையில் இருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், விதிகள் கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும். புதிதாக ஒரு படைவகை சேர்ந்தால், வில்லின் வீச்சு ஒரு கட்டம் கூடினால், நேற்றுவரை புத்திசாலியாக இருந்த எதிராளி இன்று அசடாகிவிடுவான். அதனால் எதிராளியைக் கடைசியில் எழுதுகிறார்கள், கடைசியில் எழுதுவதால் அவசரத்தில் எழுதுகிறார்கள். இந்த நிலையில் பெரும்பாலானோர் கையிலெடுப்பது மதிப்பெண் முறை: செய்யக்கூடிய காரியங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பெரிய எண்ணைச் செயல்படுத்துவது. டேவிட் வைட் 2003இல் தொடங்கிய ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்ற கட்டற்ற மென்பொருள் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. அதன் நிரல் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடியது. தாக்குதல், கிராமத்தைக் கைப்பற்றுதல், காயம் ஆற்றுதல், பின்வாங்குதல், இலக்கை நோக்கி நகர்தல் என ஒவ்வொரு வேட்பாளர்ச் செயலும் தன் மதிப்பைச் சொல்லும். முதலிடம் பெற்றது நடக்கும். உடனே எல்லாவற்றையும் மறுபடி மதிப்பிட்டு அடுத்தது. ஆக்ரோஷம் எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று திருகுவதற்குக் குமிழ்களும் உண்டு.

சிக்கனமான, நேர்மையான ஏற்பாடு. அதன் குறை ஆடுகிறவர்கள் எல்லோரும் அறிந்தது. ஒவ்வொரு மோதலையும் தனித்தனியாக எடைபோடுவதால் படைகள் சேர்ந்து வருவதற்குக் காத்திருப்பதில்லை. வேகமாக ஓடுகிறவன் முதலில் வந்து சாகிறான், அடுத்தவன் அடுத்து வந்து சாகிறான். நல்ல நிலத்தில் அணிவகுத்து நின்றால் அலை அலையாக வந்து மோதி உடைகிறார்கள். இங்கேதான் சுவாரஸ்யமான ஒன்று நடக்கிறது. அதே நிரல் எலும்புக்கூட்டுப் படையை நடத்தும்போது அந்த மடத்தனம் யாருக்கும் உறுத்துவதில்லை. செத்துப் பிழைத்தவற்றுக்கு உயிர்ப்பயம் ஏது? வரிசை கலைந்து பாய்ந்து வரும் ஓர்க்குகளும் அப்படித்தான். ஆனால் அதே எண்கள், அதே குமிழ்கள் ஒரு மனிதத் தளபதிக்குப் பின்னால் இருந்தால் ஐந்தாவது முறையிலேயே எரிச்சல் வருகிறது: ‘இவ்வளவு பெரிய கோட்டையை ஆள்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?’ நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது, அந்த நடத்தைக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம். எதிராளிக்கு என்ன வேடம் கொடுக்கிறோம் என்பதும் செயற்கை நுண்ணறிவு வேலையின் ஒரு பகுதிதான் என்பதை வெஸ்நாத்தின் போர்க்கதைகளை எழுதியவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்க வேண்டும்; அங்கே எதிரிகளாகப் பிணங்களும் ஓர்க்குகளும் அவ்வளவு அடிக்கடி வருவது தற்செயலாகத் தெரியவில்லை.

ஆடுகிறவரின் மனமே எதிராளிக்கு மூளையைக் கொடுக்கிறது என்பதற்குச் சான்றுகள் நிறைய. 2002இல் ‘ஹேலோ’ என்ற துப்பாக்கி விளையாட்டை உருவாக்கியவர்களில் இருவரான கிறிஸ் புட்சரும் ஜேம் கிரீஸ்மரும் தங்கள் சோதனை அனுபவத்தைச் சொன்னார்கள். நடத்தையை மாற்றாமல் எதிரியின் உடல்பலத்தை மட்டும் கூட்டியதும், ஆடிப்பார்த்தவர்கள் எதிரி அதிபுத்திசாலி என்று சொல்லத் தொடங்கினார்களாம். ஐந்து நொடி கூடுதலாக உயிரோடு இருந்தால்தானே செய்யும் சேட்டை கண்ணில் படும். 1997 மே மாதம் நியூயார்க்கில் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், டீப் புளூ என்ற கணினி 44ஆவது நகர்வாக யானையை அர்த்தமில்லாத ஒரு கட்டத்துக்கு நகர்த்தியது. ஆட்டத்தை ஜெயித்த காஸ்பரோவின் தரப்பு, தங்களுக்குத் தெரியாத ஆழம் எதையோ யந்திரம் பார்த்துவிட்டது என்று கவலைப்பட்டது. அது நிரல் பிழையால் விளைந்த நகர்வு என்று டீப் புளூவை உருவாக்கியவர்களில் ஒருவரான மரே காம்பெல் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். காந்தியின் அணுகுண்டுக் கதை இன்னும் வேடிக்கை. முதல் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் ஒரு கணக்குப் பிழையால் காந்தியின் ஆக்ரோஷ எண் சுழன்று உச்சத்துக்குப் போய்விட்டதாகவும், அதனால்தான் மகாத்மா குண்டு வீசினார் என்றும் உலகமே நம்பியது. அப்படி ஒரு பிழை இருக்கவேயில்லை என்று அந்த விளையாட்டை வடிவமைத்த சிட் மெயர் 2020இல் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். எல்லாத் தலைவர்களும் மிரட்டியது போலத்தான் காந்தியும் மிரட்டினார். முகம் காந்தியுடையது என்பதால் மட்டும் நினைவில் நின்றது.

அப்படியானால் மெனக்கெட வேண்டிய அவசியமே இல்லையே, உடல்பலத்தைக் கூட்டு, ஒரு முகத்தை ஒட்டு, மிச்சத்தை ஆடுகிறவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வாதம் வரும். துப்பாக்கி விளையாட்டுக்கு அது ஓரளவு செல்லும். அங்கே ஒரு எதிரியோடு நமக்குள்ள உறவு அரை நிமிடம். வியூக விளையாட்டில் ஒரே எதிராளியோடு பத்து மணி நேரம் குடித்தனம் நடத்த வேண்டும். முதல் மணியில் ஆழமாகத் தெரிந்தது மூன்றாம் மணியில் பழக்கமாகவும், ஏழாம் மணியில் பொறியாகவும் தெரிந்துவிடும். காஸ்பரோ அந்த நகர்வை ஒரு முறைதான் பார்த்தார். முப்பது முறை பார்த்திருந்தால் பிழை என்று அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்? நாம் இட்டுக்கட்டும் காரணம் கொஞ்ச காலம் தாங்கும். அதற்குள் விளையாட்டு தன் கைச்சரக்கைக் காட்டியாக வேண்டும்.

காட்டுவது என்று முடிவெடுத்து அதை எல்லைவரை கொண்டுபோனது 2018இல் வந்த ‘இன்டு தி பிரீச்’. ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரின் சப்செட் கேம்ஸ் உருவாக்கியது. எட்டுக்கு எட்டு கட்டம். மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் ராட்சதப் பூச்சிகள் நகரங்களை அழிக்க வருகின்றன. உங்களிடம் மூன்று யந்திர வீரர்கள். பூச்சிகள் முதலில் நகர்ந்து, எங்கே அடிக்கப் போகின்றன என்பதைக் கட்டத்தில் அடையாளமாகக் காட்டிவிட்டு நிற்கும். அதன் பிறகு உங்கள் முறை. தள்ளலாம், இழுக்கலாம், ஒரு பூச்சியின் அடி இன்னொன்றின் மேல் விழும்படி திருப்பலாம். எதிரியின் நோக்கம் முழுக்க வெளிச்சத்தில் இருப்பதால், ஏமாற்றிவிட்டது, மோசடி, அதிர்ஷ்டமில்லை என்ற புலம்பலுக்கு இடமே இல்லை. தோற்றால் தோற்றது நீங்கள்தான். தயாரிப்பவர் பக்கமிருந்து பார்த்தால் இதன் லாபம் இன்னும் பெரிது. நேர்த்தியாகத் திட்டமிடும் மூளையை எழுத வேண்டிய சுமை இறங்கிவிடுகிறது. பூச்சி கட்டடத்தைப் பார்த்தால் கடிக்கும். அதற்குமேல் அதனிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. புத்தியை எதிராளியிடமிருந்து எடுத்துச் சூழ்நிலைக்குக் கொடுத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு சிறு குழு எடுத்த முடிவுகளில் இதைப் போலக் கெட்டிக்காரத்தனமானது சிலவே.

ஆனாலும் இங்கே ஒரு இழப்பு இருக்கிறது, அதைப் பாராட்டுரைகளின் சத்தத்தில் பலர் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும் எதிராளி, சில மணி நேரத்தில் எதிராளியாக இருப்பதை நிறுத்திவிடுகிறான். பலகையில் இருப்பது ஒரு கணக்கு. தினசரியில் வரும் சதுரங்கப் புதிரை விடுவிக்கும் அதே மனநிலையில்தான் உட்காருகிறோம். ‘இவன் என்ன நினைக்கிறான்’ என்ற கேள்விக்கு வேலையில்லை, விடை திரையில் எழுதியிருக்கிறது. நான் வைத்த உரைகல்லின்படி, காரணம் பிற்பாடு துலங்க வேண்டும். இங்கே முன்னாடியே கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் திடுக்கிடுவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை. ‘ஸ்லே தி ஸ்பயர்’ போன்ற சீட்டு விளையாட்டுகளும் எதிரியின் அடுத்த எண்ணத்தை அதன் தலைக்கு மேலே படமாகக் காட்டுகின்றன. அங்கும் இதே நிலை. இயல்பான எதிராளியைச் செய்வது எப்படி என்ற கேள்விக்கு இவை பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எழாத விளையாட்டை அமைத்துக்கொண்டன. அது குற்றமல்ல. அதையே எல்லா வியூக விளையாட்டுக்கும் பொதுமருந்தாகச் சொல்வதுதான் தவறு. பூச்சிக்குப் பொருந்தியது பேரரசனுக்குப் பொருந்தாது.

நோக்கத்தை மறைத்துக்கொண்டே காரணத்தைக் கொடுக்க இன்னொரு வழி, இரு தரப்புக்கும் ஒரே விதி என்ற ஏற்பாட்டைக் கைவிடுவது. ஆர்சன் கேம்ஸின் கிறிஸ் பார்க் 2009இல் வெளியிட்ட ‘ஏஐ வார்: ஃப்ளீட் கமாண்ட்’ இதைப் பெயரிலேயே ஒப்புக்கொள்கிறது. போர் முடிந்துவிட்டது, மனிதர்கள் தோற்றுவிட்டார்கள், விண்மீன் மண்டலம் முழுக்க யந்திரங்களின் கையில். உங்களிடம் மிஞ்சியது ஒரு கிரகம். யந்திரத்தின் கவனம் வேறெங்கோ இருக்கிறது, உங்களைப் பொருட்படுத்தவில்லை. நீங்கள் ஒவ்வொரு கிரகமாகப் பிடிக்கப் பிடிக்க அதன் கவனம் உங்கள் பக்கம் திரும்புகிறது, அதை ஓர் எண் அளந்துகொண்டே இருக்கிறது. எண் ஏற ஏற வரும் படைகளின் வலுவும் ஏறும். எல்லா வியூக விளையாட்டிலும் உறுத்தும் ஒரு கேள்விக்கு இது பதில் தந்துவிடுகிறது: இவ்வளவு வலுவான எதிராளி ஏன் தொடக்கத்திலேயே நம்மை நசுக்கிவிடவில்லை? மற்ற விளையாட்டுகளில் அது வடிவமைப்பாளர் போட்ட பிச்சை. இங்கே அது எதிராளியின் அலட்சியம், கதைக்குள்ளேயே காரணம் உள்ள அலட்சியம். படை நடத்தையிலும் பார்க் ஒரே பெரிய மூளையை எழுதவில்லை. மேல்மட்டத்தில் தோராயமான முடிவுகள், கீழே ஒவ்வொரு கப்பலும் தன்னளவில் இலக்கைத் தேர்ந்துகொள்ளும். சிறந்த இலக்கையே எப்போதும் எடுக்காமல் சில சமயம் அடுத்ததையும் எடுக்கும். தூரத்திலிருந்து பார்க்கையில் இது சூழ்ச்சி போலத் தெரிகிறது. சீட்டுக் குலுக்கல் இங்கும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் குலுக்கப்படுபவை எல்லாமே காரணமுள்ள தேர்வுகள், சிறந்ததும் கிட்டத்தட்டச் சிறந்ததும். வேண்டுமென்றே முட்டாள்தனத்தைக் கலப்பது வேறு சங்கதி.

விதி சமமில்லை என்பதையே மோசடியாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நம்மிடம் இந்த ஆட்சேபம் எடுபடக் கூடாது. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் ஒரே விதியா இருக்கிறது? புலி தாண்டும், ஆடு தாண்டாது. ஆடுகளுக்கு எண்ணிக்கை, புலிக்குப் பல். அதை யாரும் அழுகுணி ஆட்டம் என்று சொன்னதில்லை, ஏனென்றால் யார் ஆடு யார் புலி என்பது தரையில் கட்டம் கிழிக்கும்போதே தெரியும். ‘ஏஐ வார்’ பலகையைத் தெரிந்தே சாய்த்து வைத்த விளையாட்டு. அதன் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. யந்திரத்தின் கோபத்தை ஓர் எண்ணாகக் காட்டிய பிறகு, ஆடுகிறவர் எதிராளியோடு ஆடுவதை விட்டு எண்ணோடு ஆடத் தொடங்குகிறார். இந்தக் கிரகத்தைப் பிடித்தால் எத்தனை ஏறும், எதை உடைத்தால் எத்தனை இறங்கும் என்று செட்டியார் கடைக் கணக்கு. இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பயங்கர யந்திரம் குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டாகச் சுருங்கிவிடுகிறது. சூடு ஏறினால் ஓடும், இறங்கினால் நிற்கும். தெர்மோஸ்டாட்டுக்கும் காரணம் உண்டு; ஆனால் அதை யாரும் எதிரி என்று நினைப்பதில்லை.

சம விதியில் ஆடும் பேரரசு விளையாட்டுகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே எதிராளி நம்மைப் போலவே நகரம் கட்டுகிறான், நட்பு பேசுகிறான், துரோகம் செய்கிறான். 2005இல் வந்த நான்காம் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளரும் பின்னாளில் மோஹாக் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கி ‘ஓல்ட் வேர்ல்ட்’ செய்தவருமான சோரன் ஜான்சன், 2008இல் நிகழ்த்திய உரை ஒன்றில் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டார்: கணினி எதிராளி ஜெயிப்பதற்காக ஆட வேண்டுமா, தோற்பதற்காக ஆட வேண்டுமா? ஜெயிப்பதற்காக ஆடும் எதிராளி, நீங்கள் வெற்றியை நெருங்கும்போது பழைய நட்பையெல்லாம் உதறிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து உங்கள்மேல் பாய வேண்டும். மனித எதிராளிகள் அதைத்தான் செய்வார்கள், நாமும் சிரித்துக்கொண்டே ஏற்போம். யந்திரம் செய்தால் ஐந்நூறு ஆண்டு நட்பு பொய்யாகிவிட்டது என்று கொதிக்கிறோம். இந்த இரட்டை நியாயத்தைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. நண்பர் துரோகம் செய்தால் அதற்கு முகமிருக்கிறது, நாளை பழிவாங்க இன்னொரு ஆட்டமிருக்கிறது. யந்திரத்தின் துரோகத்துக்கு அந்த ஆட்டத்துக்குள்ளேயே காரணம் கிடைக்காவிட்டால் வேறெங்கும் கிடைக்காது.

ஆகவே நான்காம் ‘சிவிலைசேஷன்’ காரணத்தைப் பட்டியலாகவே கொடுத்தது. ஒரு தலைவருக்கு உங்கள்மேல் என்ன எண்ணம் என்று பார்த்தால், மதம் ஒன்று என்பதற்கு இத்தனை கூட்டல், எல்லை உரசுகிறது என்பதற்கு இத்தனை கழித்தல் என வரிவரியாக வரும். தெளிவானது, நியாயமானது. மறுபடியும் தெர்மோஸ்டாட். அரசியல் உறவு மொய் நோட்டாகிவிடுகிறது. எவ்வளவு வைத்தால் எவ்வளவு திரும்பும் என்று தெரிந்தபின் அங்கே சந்தேகத்துக்கோ நம்பிக்கைக்கோ இடமேது? என் கணிப்பில் இதிலிருந்து வெளியேறும் வழியை இதற்கு முன்பே ஒரு சிறு நிறுவனம் காட்டிவிட்டது. டேவிட் டன்ஹாமின் ஏ ஷார்ப் 1999இல் வெளியிட்ட ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’ விளையாட்டில் நீங்கள் ஒரு குலத்தை ஆள்கிறீர்கள். பக்கத்துக் குலங்கள் பழைய மாட்டுக் கொள்ளையை மறப்பதில்லை. ஆனால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்வது உங்கள் ஆலோசனைச் சபையில் இருக்கும் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தெய்வம், ஒரு குணம், ஒரு சாய்வு. போர்த் தெய்வத்தைக் கும்பிடுகிறவர் எல்லாவற்றிலும் பகையைப் பார்ப்பார். காரணம் உங்களுக்குக் கிடைக்கிறது, ஆனால் சாட்சி சொல்கிறவரின் வாய் வழியாக. நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. எண்ணும் இல்லை, இருட்டும் இல்லை. எதிராளியின் மனம் பற்றிய ஊகமே ஆட்டமாகிறது. இதற்கு விலை உண்டு: அத்தனை சூழ்நிலைகளையும் அத்தனை ஆலோசனைகளையும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும், பத்தாவது ஆட்டத்தில் அதே வாக்கியம் திரும்ப வரும்போது மாயம் கலையும். இருந்தாலும் நிரலாளர் குறைவாகவும் எழுத்தாளர் கையருகிலும் உள்ள குழுவுக்கு, நுட்பமான மதிப்பெண் அட்டவணையைவிட இந்தச் செலவு கட்டுப்படியாகும்.

எதிராளிக்குக் கொடுக்கப்படும் சலுகைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். கடின நிலையில் எதிராளிக்குக் கூடுதல் பொன், மலிவான படை என்று கொடுப்பது பழைய வழக்கம். வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தால் அது புலிக்குக் கொடுத்த பல். சொல்லாமல் கொடுத்தால் அழுகுணி. அதைவிட மோசம் பார்வையில் செய்யும் மோசடி. வியூக விளையாட்டில் வேவு பார்க்காத இடம் நமக்கு இருண்டிருக்கும். எதிராளியும் அதே இருளில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எதைக் கடைசியாக எங்கே பார்த்தோம், அது இப்போது எங்கே இருக்கலாம் என்று நினைவு வைத்து ஊகிக்கும் நிரலை எழுதுவது கடினம். முழு வரைபடத்தையும் எதிராளிக்குத் திறந்துவிடுவது ஒரு வரி. சிறு குழு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளைவாக, ஒற்றனை அனுப்பாமலேயே நம் காவலில்லாத நகரத்தை நோக்கி நேராகப் படை வருகிறது. கூடுதல் பொன்னால் வந்த படைக்குக்கூட ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளலாம், பணக்கார நாடு என்று. தெரிந்திருக்க வழியில்லாததைத் தெரிந்து வைத்திருப்பதற்கு எந்தக் காரணத்தைக் கற்பிப்பது? நாம் பார்த்துவிட்ட கணத்தில் எதிராளி செத்துவிடுகிறான், நிரல் மட்டும் எஞ்சுகிறது. செலவழிக்க ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், தந்திரத்தைக் கூட்டுவதைவிட எதிராளியின் கண்ணைக் குறைப்பதில் அதைச் செலவிடலாம்.

இந்த முழு விவாதமும் இன்னும் சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும், தானே கற்கும் யந்திரங்கள் வந்துவிட்டன என்பது இன்று அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். 2019 ஜனவரியில் டீப்மைண்ட் ஆய்வுக்கூடத்தின் ஆல்ஃபாஸ்டார் நிரல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வியூக விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. மனிதர்கள் ஆடிய ஆட்டப் பதிவுகளிலிருந்துதான் அதன் பாடம் தொடங்கியது. அப்படியிருந்தும் வந்த முதல் புகார், அது மனிதரைப் போல ஆடவில்லை என்பதுதான். சராசரி வேகம் மனிதர்களுடையதைவிட அதிகமில்லை, ஆனால் மோதலின் உச்சத்தில் எந்தக் கையாலும் முடியாத வேகத்தில் கட்டளைகள் பாய்ந்தன. வரைபடத்தையும் அது நம்மைப் போல ஒரு சன்னலை நகர்த்தி நகர்த்திப் பார்க்கவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வேகத்துக்கும் பார்வைக்கும் கடிவாளம் போட்டுத்தான் மறுபடி களமிறக்கினார்கள், அப்போதும் உச்ச நிலையை எட்டியது. ஆக, மிகப் பெரிய ஆய்வுக்கூடமும் கடைசியில் வந்து நின்றது சிறு குழுவின் அதே கேள்விக்கு முன்னால்தான்: எதிராளி எதைப் பார்க்கலாம், எவ்வளவு வேகமாகக் கைநீட்டலாம். விதி வாரம் ஒருமுறை மாறும் சிறு விளையாட்டில், மாறும்போதெல்லாம் மறுபடி பயிற்றுவிக்கும் செலவை யார் ஏற்பது என்பது ஒரு பக்கம். அந்தச் செலவு நாளை குறையலாம், குறையும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிடைக்கப்போவது நன்றாக ஆடும் எதிராளி. 2016இல் கோ என்ற பலகை ஆட்டத்தில் அதே ஆய்வுக்கூடத்தின் ஆல்ஃபாகோ நிரல் வைத்த ஒரு கல்லைப் பார்த்து வர்ணனையாளர்கள் தவறு என்றே முதலில் நினைத்தார்கள். உலகத்தின் தலைசிறந்த கண்களுக்கே பிறகுதான் புலப்பட்ட காரணம், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட உட்காருகிறவருக்குக் கடைசிவரை புலப்படாது.

இவ்வளவுக்கும் நடுவில், மனித எதிராளி தவறாமல் செய்கிற, எழுதுவதற்கும் மலிவான ஒரு காரியத்தைப் பெரும்பாலான வியூக விளையாட்டுகள் கண்டுகொள்வதே இல்லை: தோல்வியை ஒப்புக்கொள்வது. பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடும். மனிதர் என்றால் கையைக் குலுக்கிவிட்டு எழுந்துவிடுவார், அல்லது ‘இந்த இரண்டு நகரத்தை மட்டும் விட்டுவிடு’ என்று பேரம் பேசுவார். யந்திரம் கடைசிக் குடிசை எரியும்வரை ஒரே முகத்தோடு படை திரட்டிக்கொண்டிருக்கும். ஜெயித்தவருக்கோ மூன்று மணி நேரம் பெருக்கித் துடைக்கும் வேலை. பத்து மணி நேரம் சேர்த்த மரியாதை முழுவதும் இந்த மூன்று மணியில் கரைந்துபோகிறது. நான்காம் ‘சிவிலைசேஷன்’ தன் முதல் விரிவாக்கத்தில், தோற்கும் அரசு கப்பம் கட்டும் அரசாகப் பணியும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகும் அது பொதுவழக்கமாகவில்லை. ‘இன்டு தி பிரீச்’ இங்கும் சுற்றுவழியில் தப்பித்துக்கொண்டது. களம் எவ்வளவு சீரழிந்திருந்தாலும், உங்களிடம் ஒரே ஒரு யந்திர வீரன் மிஞ்சியிருந்தாலும், குறித்த முறைகள் முடிந்ததும் பூச்சிகள் அத்தனையும் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகின்றன.